நெருக்கமே மூலதனம்

கொல்கத்தாவின் படாபஜாரை வாழவைப்பது அதன் இடநெருக்கடி. அதை அடிக்கடி எரிப்பதும் அதுவே.

ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்து கொல்கத்தாவுக்குள் வருபவர் முதலில் கால் வைப்பது படாபஜாரில்தான். கால் வைக்க இடம் கிடைத்தால். நடைபாதையைக் கடைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. சாலையைக் கைவண்டிகளும் டெம்போக்களும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. மிச்சமுள்ள சந்துபொந்துகளில் தன் எடையைவிட அதிகமான மூட்டையைத் தலையில் சுமந்தபடி முட்டியாக்கள் - நம் ஊர் மொழியில் சுமைகூலிகள் - ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். வழிவிட வேண்டியது நீங்கள்தான். நின்றால் அவர்களுக்குப் பாரம் கூடும்.

படாபஜார் என்றால் பெரிய கடைவீதி. வீதி என்பது பெயருக்குத்தான். உண்மையில் இது தெருக்களும் சந்துகளும் பின்னிக்கிடக்கும் ஒரு தனி ஊர். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சரக்கு. சோனாபட்டி என்றால் தங்கம். போஸ்தாவில் பருப்பும் மசாலாவும் எண்ணெயும். மெச்சுவாவில் பழம். எஸ்ரா தெருவில் விளக்கும் ஒயரும். கேனிங் தெருவில் வளையலிலிருந்து வாசனைத் திரவியம்வரை. வங்காளம் மட்டுமல்ல, அஸ்ஸாம், பீகார், வடகிழக்கு மாநிலங்கள் என்று கிழக்கிந்தியாவின் சின்னச் சின்னக் கடைகள் பலவற்றுக்கும் சரக்கு போவது இங்கிருந்துதான்.

நகரத்தைவிடச் சந்தைக்கு வயது அதிகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1690ல் சூதானுட்டியில் வந்திறங்கி கல்கத்தாவை உருவாக்கினார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அவரை நகரத்தின் நிறுவனர் என்று சொல்ல முடியாது என 2003ல் கல்கத்தா உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. சரஸ்வதி நதி தூர்ந்து சப்தகிராமத் துறைமுகம் நொடித்துப்போனபோது, சேட், பசாக் குடும்பத்து நெசவு வியாபாரிகள் அதற்கு வெகு முன்பே இந்தப் பக்கம் குடிபெயர்ந்திருந்தார்கள். சூதா என்றால் நூல், நுட்டி என்றால் சிட்டம். ஊரின் பெயரே சரக்கின் பெயர்தான். ஆங்கிலேயர்கள் தேடி வந்தது காட்டை அல்ல, நடந்துகொண்டிருந்த வியாபாரத்தை.

1860களில் ரயில் பாதை கல்கத்தாவை டில்லியோடு இணைத்த பிறகு ராஜஸ்தானிலிருந்து மார்வாரிகள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். புதிதாக வரும் இளைஞனுக்கு சொந்த ஊர்க்காரர்கள் நடத்தும் பாசாவில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். பிறகு ஏதாவது ஒரு கத்தியில் வேலை. கத்தி என்றால் தரையில் விரித்த வெள்ளை மெத்தை. அலுவலகமும் அதுதான், வங்கியும் அதுதான். முனீம் என்ற கணக்குப்பிள்ளை சிவப்புத் துணி போர்த்திய பேரேட்டில் எழுதுவார். பணம் ஹுண்டியில் ஊர் விட்டு ஊர் போகும். நகரத்தார்கள் உண்டியல் என்று புழங்கினார்களே, அதே சங்கதி. சணல் தரகு வியாபாரத்தில் இறங்கிய ஜி.டி. பிர்லா 1919ல் சொந்தமாகச் சணல் ஆலையே தொடங்கும் அளவுக்கு வளர்ந்தது இந்த உலகிலிருந்துதான்.

சரக்கு இல்லாத நாளில் மழையையும் விட்டுவைக்கவில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் கூரைக் குழாயில் தண்ணீர் ஒழுகுமா ஒழுகாதா என்று பந்தயம் கட்டினார்கள். அரசு 1897ல் சட்டம் போட்டு மழைச் சூதாட்டத்தை நிறுத்தியது.

வந்தவர்கள் எல்லோருமே கடவுளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். 1724ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் நகரத்தின் மிகப் பழைய தேவாலயம். அதன் வளாகத்தில் உள்ள ஒரு கல்லறையில் பொறித்திருக்கும் ஆண்டு 1630. சற்றுத் தள்ளி 1799ல் எழுந்த போர்ச்சுகீசியத் தேவாலயம். பிறகு 1884ல் கட்டிய மாகென் டேவிட் யூத ஆலயம். இன்று கொல்கத்தாவில் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலயத்தைப் பராமரிப்பவர்கள் முஸ்லிம்கள். வாசலை ஒட்டி வரிசையாகத் தெருக்கடைகள். கடைகளைத் தாண்டித்தான் கடவுளைப் பார்க்க முடியும்.

இவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு ஏன் இங்கேயே கிடக்க வேண்டும்? காரணம் எளிமையானது. காலையில் ஹவுராவில் இறங்கும் வெளியூர் சில்லறை வியாபாரி நடந்தே புடவை, பாத்திரம், பொம்மை எல்லாம் வாங்கி, லாரி புக்கிங்கில் போட்டுவிட்டு இரவு ரயிலைப் பிடித்துவிடலாம். அதைவிட முக்கியம் கடன். யார் தவணை தவறாமல் பணம் கட்டுகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பது சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். கண்ணில் படும் தூரத்தில் இருப்பவருக்குத்தான் பத்திரம் இல்லாமல் சரக்கு கிடைக்கும். நகருக்கு வெளியே விசாலமான கிடங்கு கட்டிக்கொண்டால் காற்று வரும், நாணயம் வராது. மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோகும் பேச்சு எழுந்து எழுந்து அடங்கியதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. படாபஜாரின் பழைய கட்டடங்களுக்குக் கட்ரா என்று பெயர். நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள், மேலே கிடங்குகள், அதற்கும் மேலே குடித்தனங்கள். என்றோ நிர்ணயித்த சொற்ப வாடகை. அந்த வாடகையில் சுண்ணாம்புகூட அடிக்க முடியாது என்பது கட்டட உரிமையாளர் கட்சி. சலாமி என்று பெருந்தொகை கொடுத்துவிட்டு நுழைந்த நாம் எதற்கு ரிப்பேர் செய்ய வேண்டும் என்பது வாடகைதாரர் கட்சி. இருவருக்கும் நடுவே மின்கம்பிகள் ஒட்டடைபோலத் தொங்குகின்றன. மாடிப்படிகளில் அட்டைப்பெட்டிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

2008 ஜனவரியில் நந்தராம் மார்க்கெட் நாட்கணக்கில் எரிந்தது. 2018 செப்டம்பரில், துர்கா பூஜைக்காகக் குவித்த சரக்கோடு கேனிங் தெருவின் பாக்ரி மார்க்கெட் பற்றிக்கொண்டது. வாசனைத் திரவியங்களும் பிளாஸ்டிக்கும் எரிய, குறுகிய தெருவில் தீயணைப்பு வண்டிகள் திணறின. நல்லவேளை, அது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. உயிர்ச்சேதம் இல்லை. 2025 ஏப்ரல் 29 அன்று அந்த அதிர்ஷ்டமும் கைகொடுக்கவில்லை. மெச்சுவா பழச்சந்தைப் பகுதி ஹோட்டல் ஒன்றில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, வெளியேற வழியில்லாத புகை. தமிழகத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் மூவரும் அதில் அடக்கம்.

ஒவ்வொரு தீக்குப் பிறகும் கைது, விசாரணை, நோட்டீஸ். பிறகு கரியைச் சுரண்டிவிட்டு, வெள்ளையடித்து, மறுபடியும் சரக்கு இறங்கும். மின்கம்பியை மாற்றுவதும் மாடிப்படியைக் காலி செய்வதும் கடையைப் பெயர்க்காமலே செய்யக்கூடிய காரியங்கள். ஆனால் படிக்கட்டும்கூட இங்கே சரக்கு வைக்கும் இடம், அதாவது பணம். அதை யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் உரிமையாளரும் வாடகைதாரரும் மாநகராட்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சரக்குக்கு இன்சூரன்ஸ் உண்டு. கடைக்காரருக்கு இரவு போய்ச்சேர வேறொரு வீடு உண்டு. ஷட்டர்கள் இறங்கிய பிறகும் படாபஜாரில் தங்குகிறவர்கள் முட்டியாக்கள். கைவண்டியிலும் கட்ராவின் முற்றத்திலும், சில சமயம் அந்த மாடிப்படியிலேயே, பெட்டிகள் விட்டுவைத்த இடத்திலும் அவர்கள் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். படாபஜாரின் நெருக்கத்தில் லாபம் யாருக்கு என்பதைப் பேரேடு சொல்லும். ஆபத்து யாருக்கு என்று எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.