நகரும் தீவுகளுக்கு மேலே

ஏறும் முன்பே, விமானம் ஓட்டும் நண்பர் எங்கள் எடையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். செஸ்னா 172 நான்கு பேர் அமரும் சிறு விமானம். ஆள், பை, பெட்ரோல் எல்லாம் சேர்த்த கணக்கு சரியாக வந்தால்தான் கிளம்பலாம்.

நாங்கள் நின்ற இடம் அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் உள்ள கில் டெவில் ஹில்ஸ். 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் 12 விநாடிகளில் 120 அடி பறந்த மணல்வெளி, ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓயாத காற்றும், விழுந்தால் தாங்கிக்கொள்ளும் மணலும்தான் ரைட் சகோதரர்களை இங்கே வரவழைத்தன. அந்த மண்ணைவிட்டு மேலே எழும்பியபோது உடம்பு சிலிர்த்தது.

தெற்கே திரும்பினோம். இறக்கைகள் தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறையவில்லை. இடப்பக்கம் அட்லாண்டிக், வலப்பக்கம் பரந்த காயல். நடுவே தீவுகளாக நீளும் ஒரு மணல் கோடு. சில இடங்களில் அதில் ஒரு சாலைக்குத்தான் இடமிருந்தது.

ஓரிகன் முகத்துவாரம் வந்தது. 1846இல் ஒரு புயல் தீவை அறுத்துத் திறந்த வாய் அது. தெற்கே உள்ள ஹேட்டரஸ் முகத்துவாரமும் அதே புயலில் பிறந்ததுதான். அடுத்து ரோடாந்தே. தூண்கள்மேல் நின்ற வீடுகளுக்கு அடியில் அலை புகுந்து திரும்பியது. 2020க்குப் பிறகு இந்த ஊரில் பல வீடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது.

பிறகு, கறுப்பு வெள்ளைப் பட்டை சுற்றிய ஹேட்டரஸ் கலங்கரை விளக்கம். 1870இல் கட்டியபோது கடல் 1,500 அடி தள்ளியிருந்தது. அது சுமார் 120 அடிக்கு நெருங்கிவிட, 1999இல் 4,800 டன் கோபுரத்தை அடியோடு பெயர்த்து, 23 நாட்களில் 2,900 அடி நகர்த்தி வைத்தார்கள். ஒதுங்கியதால் அது பிழைத்தது.

"காத்து குறுக்கே அடிக்குது, பெல்ட்டை இறுக்கிக்கங்க" என்றார் நண்பர். பாலமே இல்லாத ஓக்ரகோக் தீவில், கடலை ஒட்டிய ஓடுபாதையில் இறங்கினோம். சிறிது நடந்ததும் காலடியில் அலை.

காரில் வந்திருந்தால் கடற்கரையின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். மேலிருந்து பார்த்தபோதுதான் இந்தத் தீவுகள் நகர்ந்துகொண்டே இருப்பது புரிந்தது. கடலோரத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் ஒருமுறையாவது கரையை மேலிருந்து பாருங்கள். மணல் யாருக்கும் பட்டா எழுதித் தருவதில்லை.