பால்கோவா கிண்டுவது போல ஒரு வேலை

விராலுக்கு உயிருள்ள இரைதான் பிடிக்கும் என்பார் அப்பா. தவளைக்குஞ்சைத் தூண்டில் முள்ளில் கோப்பார். எனக்கு அதைப் பார்க்கவே மனசு வராது. மில் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு ரப்பர் புழு செய்யக் கற்றுக்கொண்டேன்.

ரப்பர் என்கிறோமே தவிர, அது பி.வி.சி. 1949இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டிலேயே வார்த்துப் பார்த்த சரக்கு. வீட்டில் பிறந்ததுதானே என்று சிலர் சமையலறை அடுப்பிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு.

மூலப்பொருளுக்குப் பெயர் பிளாஸ்டிசால். பால் போல வெள்ளையாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பால்கோவா கிண்டுவதை நின்று பார்ப்பேன். கை ஒரு நொடி ஓயக் கூடாது. இதுவும் அப்படித்தான். சூடேறும்போது முதலில் கட்டிதட்டும், பிறகு இளகும், 175 டிகிரி வாக்கில் விளக்கெண்ணெய் மாதிரி தெளியும். உடனே அச்சில் ஊற்றிவிட வேண்டும். மில்லில் பேரிங் சூடு பார்த்த பழக்கத்தில் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கண் மதிப்பை நம்புவதில்லை.

பால்கோவா அடிப்பிடித்தால் ருசி போகும், அவ்வளவுதான். இது அடிப்பிடித்தால் மஞ்சளாகிப் புகையும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் பட்டால் அமிலமாகிவிடும். கொரோனா காலத்து முகக்கவசமெல்லாம் அதைத் தடுக்காது. அமில வாயுவுக்கென்றே வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

"இந்தச் சட்டி அடுப்படிக்குள்ள வந்தா நான் மக வீட்டுக்குப் போயிருவேன்" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். நியாயம்தான். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டேன். இரண்டு பக்கமும் திறப்பு, மின் அடுப்பு, காற்று எனக்கும் சட்டிக்கும் குறுக்கே ஓடும்படி ஒரு ஃபேன். சட்டி, கரண்டி எல்லாம் தனி.

புகைக்கு அடுத்த எமன் தண்ணீர். கொதிக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும், தோலில் ஒட்டிக்கொண்டு வேகும். என் கூட்டாளி ஒருவர் காயாத பிளாஸ்டர் அச்சில் ஊற்றியதன் தழும்பு இன்னும் அவர் முழங்கையில் இருக்கிறது. நான் அச்சை ராஜபாளையம் வெயிலில் பத்து நாள் போட்டுவைப்பேன். பிறகு பசை பூசி, அதையும் காயவிடுவேன். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தோல் கையுறை இல்லாமல் அடுப்பைத் தொடுவதில்லை.

லீவுக்கு வரும் பேரனுக்கு இளைப்பு உண்டு. "தாத்தா, நானும் கிண்டுறேன்" என்று கொட்டகை வாசலில் வந்து நின்றான். அழுதான், இரண்டு வேளை சாப்பிடவில்லை. நான் இறங்கி வரவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு: நிறம் அவன் சொல்வது, சட்டி இறக்கி எல்லாம் ஆறி, புகை வாடை போன பிறகு அச்சைப் பிரிப்பதும் அவன்தான். கறுப்பில் ஊதா வாலாம்! அதைத்தான் கம்மாயில் விரால் கவ்வியது. (மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டோம்.)

கடிபட்டு அறுந்த புழுக்களைத் தண்ணீரில் போடுவதில்லை. முள்ளை எடுத்துவிட்டுத் திரும்ப உருக்கலாம். அவற்றைக் கழுவி மொட்டைமாடியில் பரப்பி, காக்காய்க்குக் காவல் இருப்பது இப்போது பேரன் வேலை. மூன்று நாள் ஆயிற்று, இன்னும் ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.