மணக்காத பகை

நம் தாயாரின் மூக்கைப் பற்றி நம் வீட்டில் ஒரு பெருமை உண்டு. கூடத்தின் மறுகோடியில் பாய் விரித்துத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருப்பார். அடுக்களையில் பால் அடிப்பிடிக்கத் தொடங்குவது, அடுப்பருகில் நிற்கும் மருமகளுக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும். எரிவாயு உருளையை மாற்றும்போது ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தாமல் ஒரு கணம் வாயு கசிந்தாலும், "என்னம்மா, கேஸ் வாடை வருதே!" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். அந்த மூக்கு இருக்கும்வரை நம் வீட்டுக்கு நெருப்பால் தீங்கில்லை என்று நாம் நம்பியிருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் அந்த நம்பிக்கை பொய்த்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் வாழும் கும்மிடிப்பூண்டி, சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லைக்கு அண்மையில் அமைந்த ஊர். ஒருபுறம் ஏரிகளும் வயல்களும். மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். அங்குள்ள இரும்பு உருட்டாலை ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் நாம். உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்து செந்தழலாய் வெளிவரும் இரும்புப் பாளங்களின் வெப்பத்தில் நம் இளமை கழிந்தது. தேசியப் பாதுகாப்புக் குழு 1966ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் நிறுவப்பட்டதை நினைவுகூர்ந்து, அந்நாளைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுவது ஆலைகளின் வழக்கம். ஆண்டுதோறும் அன்று வரிசையில் நின்று வலக்கை நீட்டி உறுதிமொழி எடுத்திருக்கிறோம். உலையருகே நச்சுவாயு பரவினால் ஒலியெழுப்பும் கருவியின் பொருளை அறிந்திருந்தோம். புதிதாக வந்த இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். ஆயினும் அந்த அறிவை ஆலை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பினோம் என்பதுதான் உண்மை.

எரிவாயுவைப் பழிப்பது நம் நோக்கமன்று. நம் தாயார் சவுக்கு விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர். பின்னர் மரத்தூள் அடுப்பு வந்தது. அதன்பின் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. தமிழக அரசு 2007ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியபோதும், மைய அரசு 2016இல் உஜ்வலா திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், எத்தனையோ குடிசைகளின் கூரையிலிருந்து புகை விலகியது. பெண்களின் மூச்சுக்குக் கிடைத்த விடுதலை அது. ஆனால் ஓர் அருட்கொடையைப் பெறுவோருக்கு அதன் இயல்பை அறியும் கடமையும் உண்டன்றோ?

அடுக்களையில் நாம் உணரும் அந்த வாடை எரிவாயுவின் சொந்த வாடையன்று. உருளையில் அடைக்கப்படும் புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பாகக் குறிப்பிடத்தக்க மணமில்லை. கசிந்தால் மனிதன் அறிய வேண்டுமென்றே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளை மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில் 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கியிருந்த மணமற்ற இயற்கை எரிவாயுவே காரணம். ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன்பிறகே எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டுமென்று அங்கே சட்டம் செய்தனர்; உலகின் பிற பகுதிகளிலும் அவ்வழக்கம் பரவியது. நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தாயார் கண்டுபிடிக்கும் அந்த வாடைக்குப் பின்னால் அப்பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

எனினும் அந்த எச்சரிக்கை, எரியாத வாயுவுக்கு மட்டுமே உரியது. வாயு எரியும்போது நாற்றப்பொருளும் உடன் எரிந்துவிடுகிறது. போதிய காற்றில் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். காற்றுக் குறைந்தால் அரைகுறையாய் எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் தொண்டையும் எரிவதுமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டேயிருக்க, உடல் உயிர்வளியின்றித் தவிக்கும். தலைவலி, கிறக்கம், குமட்டல், கால் தளர்ச்சி, பின்னர் மயக்கம் என்பது அதன் வரிசை. ஆபத்தை உணர்ந்து எழ முயலும்போது கால்கள் நம் வசத்தில் இரா.

எழுபத்தெட்டு வயதில் தாயாருக்குக் குளிர்நீர் ஒத்துக்கொள்ளவில்லை. சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யவும், வெள்ளிக்கிழமைகளில் விடியலில் குளிக்கவும் வெந்நீர் வேண்டியிருந்தது. மின்சாரக் கருவியைவிடச் சிக்கனம் என்று எண்ணி, எரிவாயுவில் இயங்கும் கீசர் ஒன்றை வாங்கினோம். அதைப் பொருத்த வந்த இளைஞர், "பாய், வெளியே மாட்டினா குழாய் நீளமாகும், செலவு கூடும். உள்ளேயே மாட்டிடலாம், எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். எல்லாரும் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்று நாமும் தலையசைத்தோம். ஐந்தடி நீளம், நான்கடி அகலம், எட்டடி உயரமுள்ள குளியலறை அது. அதில் இருந்த ஒரே சிறு காற்றுச் சாளரத்தை, பனிக்காற்று தாயாரைத் தாக்குமே என்று அட்டை வைத்து அடைத்தவரும் நாமே. அதை அன்பென்று கருதித்தான் செய்தோம்.

அடுத்த சில வாரங்களில் குளித்துவிட்டு வந்ததும் தலை வலிப்பதாகத் தாயார் இருமுறை சொன்னார். தைலம் தேய்த்துவிட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தோம். இருபத்தேழு ஆண்டு ஆலை அறிவு அப்போதும் வாய் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியலில் குளியலறையில் நீர் விழும் ஓசை நெடுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தது. மருமகள் கதவைத் தட்டினாள்; மறுமொழி இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தோம். தாயார் சுவரில் சாய்ந்து, உறங்குவார்போல் அமர்ந்திருந்தார். மேலே கருவியில் தழல் எரிந்துகொண்டிருந்தது. எவ்வித வாடையும் இல்லை. கருவியை அணைத்து, அவரைத் துணியில் சுற்றித் திறந்த முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். 108 வண்டி வந்தது. செல்லும் வழியிலேயே உயிர்வளி கொடுத்தார்கள். மருத்துவர் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்குதா ஐயா?" என்பதே. அக்கேள்வியின் முன் நாம் தலைகுனிந்து நின்றோம். ஆலையில் பிறருக்குப் பாடம் சொன்ன நமக்கு, பெற்ற தாய் அந்தப் பாடத்தைத் தம் உடலால் சொல்ல வேண்டியிருந்தது. மாலையில் அவர் கண் விழித்தார். இன்னும் சில நிமிடங்கள் கழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ண இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

பின்னர்க் காகிதமெடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். ஒரு குளியலுக்கு 200 கிராம் வாயு எரிந்தாலே மூன்று கிலோ காற்று செலவாகும். நம் குளியலறை முழுவதும் அடங்கிய காற்றில் அது பாதிக்கும் மேல். சாளரத்தை அடைத்த அறையில் தழலும் தாயாரும் ஒரே காற்றுக்குப் போட்டியிட்டிருக்கிறார்கள்.

இன்று அந்தக் கருவி குளியலறைக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் இருக்கிறது. வெந்நீர் மட்டுமே குழாய்வழி உள்ளே வருகிறது. இதுவே சிறந்த வழி. முன்பே உள்ளே பொருத்திவிட்டவர்கள் அதை வெளியே மாற்றும்வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கருவியை அணைத்துவிட்டு, காற்று மாறியபின் குளிக்கட்டும். மேலும் கீழும் காற்று உலவும் வழி எந்நாளும் திறந்தே இருக்கட்டும். குளித்துவிட்டு வருபவர் தலைவலி என்றால் தைலத்தைத் தேடுமுன் சாளரத்தைப் பாருங்கள்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அடுக்களையையும் புதுக்கண்ணோடு நோக்கினோம். தழல் நீலமாக எரிய வேண்டும். அது மஞ்சளாக நீண்டு, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், காற்றுக் கலப்புச் சரியில்லை என்று பொருள்; பர்னரின் துளைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். உருளையையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருந்த ஆண்டைப் படித்துத் திடுக்கிட்டோம். ஐந்தாண்டில் மாற்ற வேண்டிய குழாய் ஒன்பதாண்டு உழைத்திருந்தது! அக்குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமல், இடையில் ஒட்டுப்போடாமல் இருக்க வேண்டும். உருளையின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் எழுதியிருப்பார்கள். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். 'பி-28' என்றிருந்தால் 2028 ஜூன் இறுதிக்குள் அவ்வுருளை மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். காலம் கடந்த உருளையை ஏற்காமல் திருப்பியனுப்பும் உரிமை நமக்குண்டு.

உருளை வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையோடு தவழ்ந்து மூலைகளில் தேங்கும். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஆகையால் வாடை வந்தால் மின்விசிறியைப் போடாதீர்கள். எரியும் விளக்கை அணைக்கவும் முற்படாதீர்கள். பொத்தானை எப்பக்கம் அழுத்தினாலும் பொறி எழக்கூடும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வீட்டாரை வெளியேற்றி, வெளியே நின்று 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கசிவைத் தேட நெருப்புக்குச்சி கிழிப்பது மதியீனம். சோப்பு நுரையைப் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் சில பகுதிகளுக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயுவும் வரத் தொடங்கியுள்ளது. அது காற்றைவிட இலேசானது. மேலே சென்று தேங்கும். ஆகவே கூரையருகே காற்றுவழி வேண்டும். பழைய அடுப்பின் துளைமுனையை மாற்றாமல் அதில் எரிக்கவும் கூடாது.

நம் தெருவில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் அறைகள் உண்டு. ஓர் அறையில் ஐந்தாறு பேர். அதே அறையில் சமையல், அதே அறையில் உறக்கம். கொசுவுக்கு அஞ்சிச் சன்னலை இறுக மூடிவிடுவர். தாயார் வீடு திரும்பிய அடுத்த நாள் நாம் அங்கே சென்றோம். ஆலையில் கற்ற அரைகுறை இந்தியில், நம் வீட்டில் நடந்ததைச் சொன்னோம். முகவரிச் சான்று இல்லாதவரும் அடையாளச் சான்று காட்டி ஐந்து கிலோ உருளையை முறையாக வாங்கலாம் என்பதையும், கள்ளத்தனமாக நிரப்பிய உருளைகளைத் தொட வேண்டாமென்பதையும் சொன்னோம். மறுவாரம் அவர்கள் சன்னலில் கொசுவலை அடித்துக் கதவுகளைத் திறந்து வைத்திருந்ததைக் கண்டு மனம் குளிர்ந்தது.

மதீனா நகரில் ஓரிரவு ஒரு வீடு, உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்த செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பைப் பகையென்று எச்சரித்து, உறங்குமுன் அணைத்துவிடுமாறு அவர்கள் பணித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ரமலான் ஸஹர் நேரத்தில் அரைத்தூக்கத்தில் அடுப்பைப் பற்றவைப்பவர்கள் நாம். நமக்கு அப்பணிப்பு எத்துணை பொருத்தமானது! உறங்குமுன் உருளையின் ரெகுலேட்டரை மூடுவது இன்று நம் வீட்டில் விளக்கணைப்பது போன்ற வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் தாயார் நம்மை அழைத்து, "தம்பி, அன்னைக்கு எனக்கு ஏன் வாடை தெரியல? என் மூக்கு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அதுக்கு வாடையே கிடையாது" என்றோம்.

சற்றுநேரம் எண்ணிப் பார்த்தார். "அப்ப மூக்கை நம்பிப் புண்ணியமில்ல. சன்னலைத்தான் பார்த்துக்கணும்" என்றார்.

இப்போதெல்லாம் மருமகள் அடுப்பைப் பற்றவைக்கும் ஓசை கேட்டதும், கூடத்திலிருந்து அவர் கேட்பது வாடையைப் பற்றியன்று. சன்னல் திறந்திருக்கிறதா என்றே கேட்கிறார். வாசக அன்பர்களிடம் நாம் வேண்டுவதும் அதுவே. இவ்விதழை மூடி வைத்ததும் ஒருமுறை எழுந்து சென்று பாருங்கள்: உங்கள் குழாயின் ஆண்டு என்ன, உங்கள் சாளரம் திறந்திருக்கிறதா என்று.