பின் இடது டயர்

பிப்ரவரி 3, திங்கள்

காலை பத்தே காலுக்கு பின் இடது டயரின் லாக் ரிங் பறந்தது. ஷெட்டில் வேலை செய்யும் பையன் சேலம் ஆஸ்பத்திரியில். வலது முன்கை இரண்டு இடத்தில் முறிவு, தாடை ஒரு இடத்தில். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். இன்றைக்கு இவ்வளவுதான்.

பிப்ரவரி 4

ஷெட் கூரைத் தகரம் கிழிந்திருக்கிறது. ரிங் அந்த வழியாகப் போய் பக்கத்துக் காட்டில் சோளத்தட்டுப் போருக்குள் விழுந்து கிடந்தது. தூக்கி வந்த ஆள், "இத்தனை கனமாங்ண்ணா?" என்றார்.

பிப்ரவரி 6

தூக்கம் இல்லை, எழுதுகிறேன்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன வண்டிங்க?" என்றார். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சங்ககிரியில் லாரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் இந்த மூக்கு நீண்ட வண்டியைத்தான் எல்லோரும் நின்று கேட்பார்கள். இருபத்தேழு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில். கிருஷ்ண மேனன் ராணுவ மந்திரியாக இருந்தபோது, ஜெர்மனியின் மேன் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஜபல்பூரில் 1959-இல் கட்ட ஆரம்பித்த சக்திமான். 1996 வரை வந்தது. பட்டாளத்தில் 'த்ரீ டன்' என்பார்கள். முன், பின் ஆக்ஸில் இரண்டும் இழுக்கும். 1998-இல் ஏலத்தில் எடுத்தேன். பட்டாளத்து நம்பர் பிளேட்டை, அந்த மேல் நோக்கிய அம்புக்குறியோடு, ஷெட் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். வண்டி வந்த புதிதில் டிவியில் 'சக்திமான்' தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தெருப்பிள்ளைகள் பேரைப் படித்துவிட்டு பானெட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். தொடர் வருவதற்கு முந்தின வருஷமே வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு, "அடிபட்ட பையனுக்கு வயசு என்னங்க?" என்றார்.

எனக்கு உடனே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மிணியிடம் கேட்டேன். பத்தொன்பது.

பிப்ரவரி 7

வண்டிக்குத் தகுதிச் சான்று, எஃப்.சி., 24-ஆம் தேதி. ஷெட்டுக்கு யாரும் வரவில்லை.

பிப்ரவரி 11

பையனின் மாமா வந்திருந்தார். சத்தம் போடவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டார். சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். பழைய டியூப் டயர் ரிம் ஒரே துண்டு அல்ல. ரிம், பக்க வளையம், அதைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங். லாக் ரிங் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும், நெம்புகோலால் நெம்பி ரிம்மின் பள்ளத்தில் உட்கார வைப்போம். காற்று ஏற ஏற டயர் வளையத்தைத் தள்ளும், வளையம் ரிங்கை இறுக்கும். பள்ளத்தில் துரு இருந்து ரிங் அரைகுறையாக உட்கார்ந்திருந்தால், மொத்தக் காற்றும் அந்த அரைகுறைப் பிடியில்தான் நிற்கும்.

அதனால் மூன்று விஷயம். ரிங் இருக்கிற பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சங்கிலியால் சுற்ற வேண்டும். காற்று ஏறின பிறகு சுத்தியலைத் தொடவே கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து.

மூன்றையும் பையனுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று மாமாவிடம் சொன்னேன்.

அவர் போன பிறகு சங்கிலியைத் தேடினேன். வண்டியின் கிரேன் கொக்கியில் தொங்கியது. கவிழ்ந்த லாரியைத் தூக்குவதைத் தவிர வேறு எதற்கும் அது கீழே இறங்கியதில்லை.

பிப்ரவரி 12

மழை இல்லாத மாசத்தில் மழை. கிழிந்த தகரம் வழியாக நேரே பானெட் மேல்.

பிப்ரவரி 16

பையனுக்குத் தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. இடது கையால் போனில் தட்டிக் காட்டினான்.

"ரிங் டிக்குனு சத்தம் போட்டுச்சுங்ண்ணா. ஒக்காரலைன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அப்படித்தான தட்டுவீங்க."

ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன். தாடையில் கம்பி கட்டியவனுக்கு ஆப்பிள்.

பிப்ரவரி 17

இரவு இரண்டு மணிக்கு போன். தொப்பூர் கணவாயில் சரக்கு லாரி ஒன்று குப்புறக் கிடக்கிறதாம். வேறு கிரேன் பார்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி 19

இன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். பதினாறு நாளாகத் தொடாமல் கிடந்தும் பாதிச் சுற்றில் பிடித்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இது ஜபல்பூர் இன்ஜின் இல்லை. அது பிஸ்டன் தலையிலுள்ள உருண்டைக் குழியின் சுவரில் டீசலைப் பூசுகிற மாதிரி அடிக்கும், அதனால் டீசல் வண்டிக்குரிய தட்டல் குறைவு. சாமான் கிடைக்காமல் போனதும் லேலண்டின் ஹினோ இன்ஜினை இறக்கினேன். கிளட்ச் ஹவுசிங் பொருந்தவில்லை. லேத்தில் நடுவே ஒரு பிளேட் கடைந்தோம். மையம் மயிரிழை விலகினாலும் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும் என்று நான்கு தடவை கழற்றி மாட்டினேன். பின்னால் கிரேன் கட்டியபோது பளு தூக்கினால் முன்சக்கரம் எழும்பியது, அதற்காக முன் பம்பரில் கான்கிரீட் கட்டை. டீசல் மிச்சமாகும் என்று முன் ஆக்ஸில் இழுவையைக் கழற்றிப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். அந்த வேலைகளில் ஒரு குறை சொல்ல முடியாது.

மதியம் பழைய இரும்புக்காரர் வந்து கிலோவுக்கு விலை சொன்னார். வெளியே போகச் சொல்லிவிட்டேன். பிறகு கூப்பிட்டு நம்பர் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22

ஸ்டெப்னியோடு ஏழு சக்கரம். மீதி ஆறையும் கழற்றினேன். முதலில் வால்வைப் பிடுங்கி, காற்று மொத்தமும் போனதா என்று கம்பி விட்டுப் பார்த்து, அப்புறம்தான் நெம்புகோல். நான்கு ரிங்கில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒன்றில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. துரு அதற்கு இரண்டு விரல் தள்ளி.

சாயங்காலம் பையனின் அம்மா வந்தார். ஷெட் வாசலைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பணம் பற்றிப் பேசி முடித்து, கிளம்பும்போது கேட்டார்: "ஏனுங்ண்ணா, அந்த வளையம் புதுசு வாங்குனா என்ன வெலைங்க?"

சொன்னேன்.

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். தொப்பூருக்கு ஒரு தடவை போய்வரும் டீசல் காசுகூட ஆகாது அது.

பிப்ரவரி 24

எஃப்.சி.க்குப் போகவில்லை.

மார்ச் 5

ரிங் மட்டும் மாற்றினால் ஆகாது. ஒரு கம்பெனி ரிம்மில் இன்னொரு கம்பெனி ரிங் உட்கார்ந்த மாதிரியே தெரியும், உட்காராது. ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். நாமக்கல்லில் நான்கு ஜோடி, ஈரோட்டில் இரண்டு. ஏழாவது கிடைக்கவில்லை.

இரும்புக்காரர் போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 9

காற்று அடிக்க இரும்புக் கூண்டு வெல்டிங் செய்தாயிற்று. ஆறு சக்கரத்தையும் கூண்டுக்குள் தள்ளி, நீள ஹோஸ் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காற்று அடித்தேன்.

பையனுக்குக் கம்பி எடுத்துவிட்டார்கள். வேலைக்கு வருவானா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பின் இடது டயர் காற்றில்லாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது.