ஒரு வண்டுக்குப் பெயர் வைக்க ஒன்பது வருஷமா?



போன ஞாயிறு எங்கள் முகப்பேர் வீட்டுக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். இப்போது ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். தலை பாதி நரைத்துவிட்டது, எனக்கு இன்னும் ‘அவன்’தான். பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைத்தான். ஸ்பிரிட்டுக்குள் எறும்பு அளவில் கறுப்பு வண்டுகள். கொல்லிமலையில் ஒரு காபித் தோட்டத்தில், சொந்தக்காரரைக் கேட்டுச் சருகைச் சலித்து எடுத்தவை. இரண்டும் புதுச் சிற்றினங்களாக இருக்கலாம் என்று ஒன்பது வருஷமாகப் பாடுபடுகிறான்.

கூட இருந்த என் அண்ணன் மகன் சும்மா இருப்பானா? “ஏன் அத்தை, கண்டுபிடிச்சவர் ஒரு பேர வச்சு அறிவிச்சா முடிஞ்சுது. இதுக்கா ஒன்பது வருஷம்?”

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இவை ரோவ் வண்டுகள். மற்ற வண்டுகளுக்கு முதுகு முழுக்க ஓடு இருக்கும். இவற்றுக்குக் குட்டை ரவிக்கை போட்டதுபோல் முன்பக்கம் மட்டும்தான். வயிறு வெளியே தெரியும். இந்தக் குடும்பத்தில் ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை விட்ட ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி ஆரஞ்சும் கறுப்புமாக வருமே, சிலர் ஆசிட் பூச்சி என்பார்களே, அதுதான். ஈரமண்ணில் வாழ்வது. எங்கள் பக்கத்து ஏரித் திட்டத்தில் ஏரி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பூச்சிக்கு யார் போய்ச் சொல்வது! தோலில் நசுக்கினால் எரிந்து கொப்புளம் வரும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போதும்.

2022-ல் சிக்கிமில் கல்லூரி மாணவர்களுக்கு இப்படிக் கொப்புளம் வந்தபோது, ‘நைரோபி ஈ’ ஆப்பிரிக்காவிலிருந்து வந்துவிட்டது என்று செய்திகள் பறந்தன. முதலில் அது ஈயே அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்படி அழைக்கப்படுபவை வேறு சிற்றினங்கள். நம் நாட்டில் இருப்பவற்றில் ஒன்று பீடரஸ் ஃபஸ்கிபெஸ். நெல் வயலில் புகையான் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவுகிற பழைய குடி. பெயர் சரியாகத் தெரியாவிட்டால் ஊரே பயப்படும்.

உலகத்தில் இதுவரை பெயர் வைத்த ரோவ் வண்டுகள் மட்டும் 60,000-க்கு மேல். ஒன்றைப் ‘புதுசு’ என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு நெருங்கிய பழையவை ஒவ்வொன்றும் அதுவல்ல என்று காட்ட வேண்டும். வேலையே அங்கேதான் இருக்கிறது.

இந்திய வண்டுகளுக்கு மால்கம் கேமரூன் என்ற ஆங்கிலேயரின் புத்தகங்கள்தான் அடிப்படை. கடற்படை மருத்துவர், பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். 1930 முதல் 1939 வரை அந்தத் தொகுதிகள் வெளிவந்தன. இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் அவர் பெயர் வைத்த வண்டுகள், நீலகிரியில் பிடித்தவை உட்பட, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கும் இதே கதைதான். மாக்ஸ் பெர்ன்ஹவுர் என்பவர் ஆஸ்திரியாவில் பத்திரப் பதிவு பார்க்கிற நோட்டரி. ஓய்வு நேரத்தில் உலகெங்குமிருந்து வந்த ரோவ் வண்டுகளில் 5,000-க்கு மேல் பெயர் வைத்திருக்கிறார், ஆப்பிரிக்க வண்டுகளும் அதில் நிறைய. அவர் சேகரிப்பு இப்போது சிகாகோவில். காங்கோ காட்டு வண்டைச் சரிபார்க்கக் காங்கோக்காரர் சிகாகோவைக் கேட்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் இவ்வளவு காலம் அவற்றைச் செல்லரிக்காமல் காத்தவர்களையும் குறைசொல்ல மனம் வரவில்லை.

புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் முடியாது? வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும் இரண்டு வண்டுகளை, ஆணின் வயிற்றுக்குள் உள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். அரை மில்லிமீட்டர்கூட வராத அதை ஊசியால் எடுத்துச் சுத்தம் செய்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து வரைய வேண்டும். கேமரூனின் விவரிப்புகளில் பெரும்பாலும் அந்தப் படம் இல்லை.

லண்டனிலிருந்து படங்கள் போன மாதம்தான் இவனுக்குக் கிடைத்தன. முதல் குப்பியில் இருப்பது புதுசு இல்லை. கேமரூன் நீலகிரியிலிருந்து எப்போதோ பெயர் வைத்ததுதான். எனக்கு மனசு விட்டுப்போனது. அவன் சிரிக்கிறான். “கொல்லிமலையிலயும் இருக்குன்னு இப்பதான் டீச்சர் தெரியுது. அந்த உறுப்பையும் வரைஞ்சு போட்டுட்டா, அடுத்து வர்றவங்க லண்டனுக்கு எழுத வேண்டாம்.”

இரண்டாவது குப்பி இதுவரை எதனோடும் ஒத்துப்போகவில்லை. இனி அதில் ஒரு வண்டைப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்து, அளவும் படமும் விவரமும் எழுதி இதழில் வெளியிட வேண்டும். அங்கீகரித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, அந்த வண்டை அங்கே ஒப்படைக்க வேண்டும். அவன் ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிறது. மைக்ரோஸ்கோப் கல்லூரியுடையது. அதோடு அவனுக்குக் கை நடுக்கம் வேறு ஆரம்பித்திருக்கிறது. கோட்டுப்படம் சரியாக வரவில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. 1994-ல் பிளஸ் டூ படித்த பிள்ளைகளில் ஒருத்தி, ரெக்கார்டு நோட்டில் கரப்பான்பூச்சி வாயுறுப்புகளை அச்சடித்த மாதிரி வரைந்து, எக்ஸ்டர்னல் எக்ஸாமினரே இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நோட்டை வைத்துக்கொள்ளட்டுமா என்று நான்கூடக் கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டாள். அம்மா, இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடு. அவளோடு தொடர்பில் இருப்பவர்கள் சொல்லிவிடுங்கள். மொத்தம் பதினோரு படம்.