முதல் சவாரி

பிள்ளை பெறுவதைப் பற்றி எனக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் பலர். குங்குமப்பூ சாப்பிடு என்றவர்கள் உண்டு. சாப்பிடாதே என்றவர்களும் உண்டு. மாடிப்படி ஏறாதே என்றார் ஒரு மாமி; ஏறினால்தான் சுகப்பிரசவம் என்றார் இன்னொரு மாமி. பத்து மாதமும் ஓயாத உபதேசம். ஆனால், பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. கார் இல்லாதவர்களோ, வீடு வந்து சேர்ந்ததும் பட்ட பாட்டை மறந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. நான் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் கார் கிடையாது. ஸ்கூட்டர் ஒன்று உண்டு. என் கணவரிடம் கார் ஓட்டும் லைசென்ஸும் உண்டு. கார் ஓட்டத்தான் தெரியாது. ஆகவே, "எங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்று கீழ் வீட்டுக்காரர் பெரிய மனசோடு சொன்னபோது, அவர் பெரிய மனசோடு மறுத்துவிட்டார்.

பிரசவம் எழும்பூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். போக வேண்டிய இடம் மேற்கு மாம்பலம், என் பிறந்த வீடு. ஐப்பசி மாதத்து மழை. எனக்கு சிசேரியன். நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மா பாட்டிக்குப் போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமையா? பத்தரையிலேருந்து பன்னிரண்டு ராகு காலம். மூணிலேருந்து நாலரை எமகண்டம். பன்னிரண்டுக்கு மேலே கிளம்பி, மூணு மணிக்குள்ளே வாசப்படி ஏறிடணும்" என்று உத்தரவு பிறந்தது.

"மூன்று மணி நேரம் இருக்கிறதே, தாராளம்!" என்றார் என் கணவர். பாவம், அவர் பாட்டியை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியை மறந்துவிட்டார். காலை ஒன்பது மணிக்கே கிளம்பலாம் என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து ஒப்புதல் வந்தால்தானே பில்லை முடிப்பார்கள்? பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பட்டுக் குல்லாயும் காலுறையுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல அலங்கரித்து வைத்த குழந்தை இரண்டு தரம் பால் குடித்து, மூன்று தரம் துணி மாற்றிக்கொண்டுவிட்டான்.

அந்த ஓய்வு நேரத்தில்தான் சண்டை ஆரம்பித்தது. என் கணவர் ஆபீஸ் நண்பர் ஒருவரிடமிருந்து குழந்தை இருக்கை ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். மேலே கைப்பிடி, உள்ளே வார்ப்பட்டை, பார்ப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் கூடை. நண்பரின் இரண்டு குழந்தைகளும் அதில்தான் வீட்டுக்கு வந்தார்களாம். ஒரு விபத்திலும் சிக்காதது என்று விசாரித்துக்கொண்டுதான் வாங்கினார். அதைக் காரின் பின் சீட்டில், குழந்தையின் முகம் பின்புறம் பார்க்கும்படி, காரின் பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

அம்மா அதைப் பார்த்தாள். மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனவே என்னிடம் சொன்னாள்:

"ஏண்டி, நாலு நாள் குழந்தையை மடியிலே வெச்சுக்காமே, கறிகாய் மாதிரி கூடையிலே வெச்சா கொண்டுபோவாங்க?"

"அம்மாவுக்குச் சொல்லு" என்று அவரும் என்னிடமே சொன்னார். "வண்டி சட்டென்று மோதி நின்றால் இந்த இரண்டே முக்கால் கிலோ பல மடங்கு கனக்கும். எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றே வைத்திருக்கிறார்கள்."

"அந்தக் காலத்திலே சட்டமா இருந்தது? எங்க அண்ணன் 1958-லே திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலே பிறந்து, கை ரிக்‌ஷாவிலே வீட்டுக்கு வந்தார். நீ 1990-லே, கத்திரி வெயில்லே, ஆட்டோவிலே வந்தே. வெயில் படாமே உங்கப்பா வேட்டியைத் திரையாக் கட்டினார். என்ன குறைஞ்சு போயிட்டே?"

இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பியாக நான் படுத்திருந்தேன். எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே வந்த நர்ஸ் சமரசம் செய்துவைத்தார். இருக்கையில் வைப்பதுதான் நல்லது. ஆனால் குழந்தையைப் போர்வையில் சுற்றி வைத்து அதன்மேல் வாரைப் போடக் கூடாது. வாரை உடம்போடு ஒட்டிப் போட்டுவிட்டு, அதற்கு மேலே போர்த்த வேண்டும். தலை முன்னால் சாய்ந்து மோவாய் நெஞ்சில் இடிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அப்படி இடித்தால் மூச்சு முட்டும். முகத்தை மூடக் கூடாது. எனக்கும் ஒரு யோசனை சொன்னார்: சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வண்டி குலுங்கும்போது வலி தெரியாதாம். சகோதரிகளே, இந்தத் தலையணை விஷயம் அனுபவத்தில் கண்ட உண்மை.

இரண்டே கால் மணிக்கு ஒப்புதல் வந்தது. ஆப்பில் டாக்ஸிக்குச் சொன்னார். முதல் டிரைவர் போன் செய்து, "எங்கே சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டார். மேற்கு மாம்பலம் என்றதும் காணாமல் போய்விட்டார். இரண்டாவது டாக்ஸி படத்தில் ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் வேர்விட்டு நின்றது. மழை வலுத்தது.

வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களைக் குழந்தையோடு இலவசமாக வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று மத்திய அரசு 2011-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நம் ஊரில் 102 என்ற எண்ணுள்ள வண்டி அந்த வேலையைச் செய்கிறது. அதைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். "எத்தனை நல்ல ஏற்பாடு!" என்று முடித்ததாகக்கூட ஞாபகம். தனியார் ஆஸ்பத்திரியின் வாசலில், வயிற்றில் தையலோடு உட்கார்ந்திருந்த அன்றுதான், அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது.

இரண்டே முக்காலுக்கு மூன்றாவது டாக்ஸி வந்தது. டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். என் கணவர் கூடையோடு பின் சீட்டில் ஏறிப் பெல்ட்டைத் தேடினார். பெல்ட் இருந்தது, அதை மாட்டும் பூட்டைக் காணவில்லை. சீட்டுக்கு அழகாக ஒரு பழுப்பு நிற உறை போட்டிருந்தது. பூட்டு அதற்குள்ளே புதைந்து கிடந்தது.

"அதை யாரும் கேக்கறதில்லே சார். தீபாவளிக்குத்தான் கவர் மாட்டினேன். பாப்பாவை மடியிலே வெச்சுக்கோங்க, மெதுவாப் போறேன்" என்றார் டிரைவர்.

"தம்பி சரியாச் சொல்றார்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

இந்த இடத்தில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதலில் தோற்றவள் நான்தான். மழைச் சாரல் குழந்தைமேல் அடிக்கிறது. தையல் சுண்டி இழுக்கிறது. இந்த டாக்ஸியையும் அனுப்பிவிட்டால் நாலாவது எப்போது வருமோ, அதன் பூட்டு எங்கே புதைந்திருக்குமோ! "போகட்டும், மடியிலேயே வெச்சுக்கிறேன்" என்று எழுந்துவிட்டேன். ஏதாவது நடந்தால் என் கை பிடித்து நிறுத்தாது என்பதை அரை மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தேன். அதை நம்பவும் செய்தேன். இருந்தும் சொன்னேன். அசதி என்பது அப்படிப்பட்டது.

டிரைவர் என் கையிலிருந்த மூட்டையை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள் பாப்பா, அக்கா?"

"நாலு நாள்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்ஜினை நிறுத்தினார். முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு பிளேடை எடுத்தார். பின் கதவைத் திறந்து, மழையில் முதுகு நனைய மண்டியிட்டு, அந்தப் புது உறையின் தையலை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்தார். முட்டையிலிருந்து குஞ்சு எட்டிப் பார்ப்பது போலப் பூட்டு வெளியே வந்தது.

"ஐயோ, புதுசை ஏன் தம்பி கிழிச்சீங்க?" என்று பதறினாள் அம்மா.

"கிழிக்கலேம்மா, தையலைத்தான் பிரிச்சேன். தையல்தானே, மறுபடி போட்டுக்கலாம்" என்றார்.

தையலைப் பற்றி அவ்வளவு லேசாகப் பேசியது அந்த வாரத்தில் அவர் ஒருவர்தான்.

குழந்தையை வைத்து, வாரைப் போட்டு, மேலே போர்த்தி, கூடையைப் பெல்ட்டால் இறுக்கி ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. நான் நடுவிலும் அம்மா அந்த ஓரத்திலும் உட்கார்ந்தோம். துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லி, நுங்கம்பாக்கம் போய்க் கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறினார் டிரைவர். "அக்கா, மேடு வருது", "அக்கா, பள்ளம்" என்று ஸ்டேஷன் பெயர் சொல்லுவது போல ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலையணையை இறுக்கிக்கொண்டேன். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டின. அவர் அசையவில்லை. சைக்கிள்காரர் ஒருவர்கூட எங்களைத் தாண்டிப் போனார். குழந்தையோ இது எதையும் லட்சியம் செய்யாமல் தூங்கினான். அம்மாவின் கை மட்டும் என் மடியைத் தாண்டி வந்து, கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்றரை. எமகண்டம் பிறந்து அரை மணி ஆகிவிட்டது.

கட்டணம் 340 ரூபாய். என் கணவர் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, "மீதி கவரைத் தைக்க" என்றார். டிரைவர் வேண்டாம் என்று நாடகம் ஆடவில்லை. "சரி சார்" என்று வாங்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பையில் தேடி ஒரு இருபது ரூபாய் நோட்டை எடுத்து, போர்வை மடிப்பில் செருகினார்.

"என்ன தம்பி இது?"

"பிறந்த குழந்தையை வெறுங்கையோட பார்க்கக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லும்" என்றார். அடுத்த சவாரிக்கு அழைப்பு வந்துவிட்டது. போய்விட்டார்.

ஆரத்தித் தட்டோடு நின்ற பாட்டியிடம், "பாட்டி, நேரம்..." என்று மென்று விழுங்கினார் என் கணவர்.

"நேரத்துக்கு என்ன மாப்பிள்ளை? இன்னும் பத்து நிமிஷம் இருக்கே" என்றாள் பாட்டி. கூடத்துக் கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது. ஸ்டூலில் ஏறி அதன் முள்ளைத் திருப்பி வைத்தவள் வீட்டு வேலை செய்யும் பெண்தான் என்பது மறுநாள் தெரிய வந்தது. ஏறச் சொன்னது யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, 1958-ஆம் வருஷத்து ரிக்‌ஷாவைப் பற்றிச் சொன்னாள். கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து ராயப்பேட்டை வரையில் அந்த ரிக்‌ஷாக்காரர் ஓடவே இல்லையாம், நடந்தே இழுத்தாராம். கை ரிக்‌ஷாவில் இறங்கும்போதுதான் ஆபத்து. இழுப்பவர் கைக்கம்பைத் தரையில் இறக்கினால், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அதனால் வீட்டு வாசலில் இன்னோர் ஆளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டி இறங்கின பிறகுதான் கீழே வைத்தாராம். பேசினது எட்டணா. பாட்டியின் அப்பா பன்னிரண்டணாவும் ஒரு சொம்பு மோரும் கொடுத்தாராம்.

"அவர் பேரு என்ன பாட்டி?"

"பேரா? கேக்கலையேடி" என்றாள் பாட்டி. அறுபத்தாறு வருஷம் கழித்து அந்தக் குறை அவள் குரலில் தெரிந்தது.

மனிதனை மனிதன் இழுக்கக் கூடாது என்று 1973-இல் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தார்கள். நல்லதுதான். வண்டிகள் மாறிவிட்டன, மடி போய் இருக்கை வந்ததும் நல்லதுதான். அம்மா இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் முதல் தடுப்பூசிக்குக் கிளம்பியபோது, "கூடையை எடுத்தாச்சா?" என்று கேட்டவள் அவள்தான். இன்று டாக்ஸியில் ஏறும்போதே டிரைவரின் பெயர், படம், நட்சத்திரம் எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் முதன்முதலாக வீட்டுக்கு வந்தது முன்பின் தெரியாத மனிதர்களின் வண்டியில். அவர்களில் பெயர் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

என் கணவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார். அறை வாடகை, மருந்து, காப்பி, கான்டீன் இட்லி என்று செலவுப் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது. மறுநாள் காலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதைப் புரட்டினேன். வரவுப் பக்கத்தின் முதல் வரியில், தேதி போட்டு, அந்த டிரைவரின் பெயரை எழுதி, எதிரே இருபது ரூபாய் என்று குறித்திருந்தார். அந்த நோட்டும் அங்கேயே பத்திரமாக இருந்தது.