எங்கே அறுந்தது?



“இருப்புப்பாதை ஒரு முழங்கூட இல்லாத ஊரில் ரெயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை?” என்று அபர்டீன் பஜாரில் புதிதாகப் பழகும் நண்பர்கள் என்னைக் கேட்டு நகைப்பதுண்டு. அவர்கள் நகைப்பில் குற்றமில்லை. இத்தீவில் ரெயில் ஓடுவதில்லை. ரெயிலுக்கான சீட்டு மட்டுமே கிடைக்கிறது. கப்பலேறியோ விமானமேறியோ சென்னையையும் கல்கத்தாவையும் அடைந்து, அங்கிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இராமநாதபுரத்துக்கும் செல்லும் நம்மவர்க்கு இடம் பதிவு செய்து தருவதே என் தொழில். பத்தாம் வகுப்புத் தேறியவன் நான். கணிப்பொறியைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். ஒரு முதியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் பல ஆண்டுகள் வருந்தினேன். அவ்வருத்தமே இதை எழுதத் தூண்டியது.

2017ஆம் ஆண்டு மழைக்காலம். அக்காலத்தில் இத்தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகள் யாவும் செயற்கைக்கோள் வழியாகவே சென்று வந்தன. வானம் இருண்டால் எங்கள் திரையும் இருண்டுவிடும். அன்று வரிசையின் முதலில் நின்றவர், இங்கே கொத்தனார் வேலை பார்த்து முதுமை எய்திய ஒருவர். ஊரில் தமையனார் மரணப் படுக்கையில் இருப்பதாகவும், மறுநாள் கப்பலில் புறப்படுவதாகவும், சென்னையிலிருந்து ஓர் இருக்கை வேண்டுமென்றும் கூறினார். என் திரையோ அசையவில்லை. “தொடர்பு அறுந்துவிட்டது, ஐயா” என்றேன். அவர் சினங்கொள்ளாமல், “எங்கே அறுந்தது, தம்பி?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் மேசையிலா, வானத்திலா, கடலுக்கு அப்பாலா? எங்கே என்று தெரிந்திருந்தால், காத்திருங்கள் என்றோ, உறவினர் மூலம் அங்கேயே பதிவு செய்துகொள்ளுங்கள் என்றோ சொல்லியிருக்கலாம். நான் “பிறகு வாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். மாலைவரை காத்திருந்து வெறுங்கையோடு சென்றார். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் தமையனார் காலமாகிவிட்டதாகப் பின்னர்க் கேள்வியுற்றேன். சீட்டுக் கிடைத்திருந்தால் உயிரோடு பார்த்திருப்பாரா என்பதை நான் அறியேன். ஆனால் அவர் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

நிற்க. சென்ற ஆண்டு என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு எங்கள் இல்லம் வந்திருந்தான். பெரிய நிறுவனங்களின் கணினி அமைப்புகளை வரைபடமாக வரைந்து காட்டும் தொழிலை அவன் பயின்று வருகிறான். வீடு கட்டுமுன் கொத்தனாருக்கு வரைபடம் வேண்டுவதுபோல, ஆயிரம் கணினிகளும் நூறு அலுவலகங்களும் கொண்ட நிறுவனத்துக்கும் வரைபடம் வேண்டும் என்ற கருத்து, 1987இல் அமெரிக்கரான ஜான் சாக்மன் எழுதிய ஒரு கட்டுரையால் பரவலாயிற்று. அத்தகைய படங்களை எல்லோரும் ஒரே குறிகளால் வரைவதற்கென ஆர்க்கிமேட் என்னும் குறிமொழி நெதர்லாந்து நாட்டில் 2002க்கும் 2004க்கும் இடையே உருவாயிற்று. அம்மொழியில் வரைவதற்கு, ஆர்க்கி என்னும் மென்பொருள் 2010இல் பிரிட்டனில் வெளிவந்தது. அதற்கு விலை கிடையாது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்கும் என்பது நம் போன்ற தீவுவாசிகளுக்குப் பெரிய வசதி.

முதியவர் கதையை அவனிடம் கூறினேன். “மாமா, உங்கள் முகப்பை நீங்களே வரைந்து பாருங்கள். எங்கே அறுந்தது என்பது தானே விளங்கும்” என்று சொல்லித் தன் மடிக்கணினியைத் திறந்து என்முன் வைத்தான். அலுவலக இரகசியம் எதையும் எழுதக் கூடாது. ஊரறிந்த செய்திகளும், என் கண்ணால் காண்பவையும் மட்டுமே என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

திறந்தவுடன் கண்ட தோற்றம் எனக்கு மலைப்பைத் தந்தது. ஒரு திரைக்குள் நான்கைந்து கட்டங்கள்! பழகிய பின்னர், அது நம் மளிகைக் கடையின் அமைப்பே என்று தோன்றிற்று. இடப்பக்கத்துக் கட்டத்தில் பொருள்களின் பட்டியல், மரத்தின் கிளைகள்போல் விரிகிறது; இது சரக்கறை. மனிதர், அவர் செய்யும் தொழில் ஆகியவற்றுக்கு ஒரு கிளை, மென்பொருள்களுக்கு ஒரு கிளை, பொறிகளுக்கும் கம்பிகளுக்கும் ஒரு கிளை, பொருள்களுக்கிடையே உள்ள உறவுகளுக்கு ஒரு கிளை, வரைந்த படங்களுக்கு ஒரு கிளை. நடுவே உள்ள பெரிய கட்டம் படம் வரையும் இடம். இது கடையின் முன்பலகை. அதன் ஓரத்தில் புதிய உருவங்களை எடுக்கும் தட்டு. அடியில், தேர்ந்தெடுத்த பொருளின் பெயரையும் குறிப்பையும் எழுதும் கட்டம். மனிதர் சார்ந்தவை மஞ்சள், மென்பொருள் நீலம், பொறிகள் பச்சை என்று நிறத்தாலேயே இனம் பிரித்திருக்கிறார்கள்.

முதல் நாளே ஒரு விபத்து. எதையோ அழுத்த, இடப்பக்கக் கட்டம் மறைந்துவிட்டது. அத்தனை உழைப்பும் போயிற்றே என்று பதறினேன். கட்டம் மறைந்தால் பொருள் அழிந்ததாகாது என்றும், மேலே உள்ள பட்டியலில் சாளரங்களைப் பழைய நிலைக்கு மீட்கும் கட்டளை ஒன்று இருக்கிறது என்றும் மருமகன் காட்டினான். புதிதாகப் பழகுவோர் இதை முதலில் கற்றுக்கொண்டால் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

நான் மூன்று படங்கள் வரைந்தேன். முதற்படத்தில் பயணியும் முகப்பும். இரண்டாவதில் முகப்பும் முன்பதிவு மென்பொருளும். மூன்றாவதில் முகப்பும், கடலுக்கு அப்பால் உள்ள கணினி மையமும், இடையே உள்ள வழியும். ஒவ்வொரு படத்திலும் ஓரத் தட்டிலிருந்து ஒரு புதிய உருவம் எடுத்து “போர்ட் பிளேர் முகப்பு” என்று பெயரிட்டேன். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள் அல்லவா? அது நினைவுக்கு வரவே முதற்படத்தில் பெயரைத் திருத்தினேன். மற்ற இரண்டு படங்களிலும் பழைய பெயரே நின்றது. பொறி பழுதென்று குறை கூறினேன்.

மருமகன் சிரித்தான். “பொறி செய்த பிழையன்று, மாமா. நீங்கள் ஒரு முகப்பை மூன்றிடத்தில் காட்டவில்லை, மூன்று முகப்புகளைப் படைத்துவிட்டீர்கள்” என்றான். அப்போதுதான் இந்தப் பணிமேடையின் உயிர்நிலை எனக்கு விளங்கிற்று. பொருள் வேறு, படம் வேறு. பொருள் இடப்பக்கத்து மரத்தில் ஒருமுறைதான் இருக்கவேண்டும். அதை அங்கிருந்து இழுத்து வந்து எத்தனை படங்களிலும் வைக்கலாம். அப்படி வைத்தால் ஓரிடத்தில் பெயரை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். ஒரே ஆள் பத்துத் திருமணப் புகைப்படங்களில் நின்றாலும் குடும்ப அட்டையில் ஒரு பெயராகத்தான் இருக்கிறார்; அதுபோல.

அழிப்பதிலும் இதே வேறுபாடு உண்டு. படத்திலிருந்து நீக்கினால் அப்பொருள் மரத்தில் பத்திரமாக இருக்கும். மரத்திலிருந்தே நீக்கினால் எல்லாப் படங்களிலிருந்தும், தன் உறவுக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு மறைந்துவிடும். இதை நான் பட்டே அறிந்தேன். கடலடி வடத்தை மரத்தில் அழித்துவிட்டு, படத்தில் நம் தீவு தனித்து நிற்பதைக் கண்டு திடுக்கிட்டேன். செய்ததை மீட்கும் கட்டளை இருந்ததால் பிழைத்தேன். எந்தப் படத்திலும் இடம்பெறாத பொருள்களின் பெயர் மரத்தில் சாய்ந்த எழுத்தில் தெரியும். ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருந்தால், சரிபார்க்கும் சாளரம் அதைச் சுட்டிக்காட்டும். நான் படைத்த மூன்று முகப்புகளை ஒன்றாக்க இவையே துணை செய்தன.

பின்னர்க் கோடுகளை இழுத்தோம். எதை எதோடு இணைக்கலாம் என்பதற்கு இலக்கணம் உண்டு. இலக்கணத்துக்கு ஒவ்வாத கோட்டைப் பொறி ஏற்பதில்லை. “சேவை செய்தல்” என்னும் உறவின் அம்பு, சேவை பெறுபவரை நோக்கியே செல்லும். பச்சையான வடத்திலிருந்து நீலமான மென்பொருளுக்கு ஓர் அம்பு. அங்கிருந்து முகப்பில் இருக்கும் எனக்கு ஓர் அம்பு. என்னிடமிருந்து பயணிக்கு ஓர் அம்பு. படம் முடிந்தபோது எல்லா அம்புகளும் மேலேறி, மஞ்சள் நிறத்தில் நின்ற ஒரே ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தன. அவ்விடத்தில் நான் அந்த முதியவரை நினைத்துக்கொண்டேன்.

ரெயில்வேயின் கணினி முன்பதிவு 1985இல் புதுதில்லியில் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒன்றோடொன்று இணைந்தன. நம் தீவுக்கோ, 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10இல்தான் சென்னையிலிருந்து கடலடி வடம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம்! இவ்வாண்டுகளை நான் செய்தித்தாளில் படித்ததுண்டு. ஆயினும், வடத்தைச் சுட்டிய மாத்திரத்தில் அதை நம்பியிருக்கும் பொருள்கள் யாவும் வரிசையாகத் தோன்றியபோதுதான் அதன் அருமை மனத்தில் பதிந்தது.

அறுவதற்கு மூன்று இடங்கள் உண்டென்று படத்திலிருந்து கண்டுகொண்டேன். ஒன்று, என் மேசையில் உள்ள பொறி. இரண்டு, கடலைக் கடக்கும் வழி. மூன்று, அப்பாலுள்ள மையம். அடுத்த மேசையில் வேலை நடக்கிறதென்றால் பழுது என்னுடையது. பக்கத்துக் கடைகளிலும் தொடர்பு இல்லையென்றால் வழியில் பழுது. வெளித் தொடர்பு நன்றாயிருந்து, பெருநிலத்து முகப்புகளிலும் சீட்டுத் தரவில்லையென்றால் மையத்தில் பழுது. எந்தப் பொறியாளரும் இதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்கு இது எட்டாண்டுக் கேள்வியின் விடை. இப்போது இப்படத்தை ஒரு தாளில் வரைந்து மேசையருகே ஒட்டி வைத்திருக்கிறேன். தொடர்பு அறுந்தால், எங்கே என்றும், காத்திருப்பதா, ஊரிலுள்ள உறவினரைக் கொண்டு பதிவு செய்வதா என்றும், வரிசையில் நிற்பவர்க்குச் சொல்ல முடிகிறது.

இன்னொன்றையும் இப்படம் காட்டிற்று. கப்பலையும் ரெயிலையும் இரண்டு பொருள்களாக வைத்தபோது, அவற்றை நேரே இணைக்க எனக்கு ஒரு கோடும் கிடைக்கவில்லை. கப்பல் தாமதமானால் ரெயில் அறியாது. இரண்டையும் இணைப்பவர் பயணி ஒருவரே. ஆகவே நம் குடும்பங்களுக்கு நான் கூற விரும்புவது இது: ரெயில் சீட்டை 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் பதிவு செய்ய இயலும். கப்பலோ ஏறத்தாழ மூன்று நாள் கடலில் செல்வது. காற்றும் மழையும் அதைத் தாமதப்படுத்தும். கப்பல் சேரும் அன்றே ரெயில் ஏறலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு நாளாவது இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். இக்கோட்டை எந்தப் பொறியும் நமக்காக இழுத்துத் தராது.

நம் பிள்ளைகளுள் கணினி பயில்வோர் இம்மென்பொருளைப் பழகுவது நன்று. பெரிய நிறுவனத்தை வரைய வேண்டுமென்பதில்லை. தந்தையின் கடையையோ, தாம் படிக்கும் பள்ளியையோ வரைந்து பார்க்கட்டும். வரையும்போது மஞ்சள் நிறத்து மனிதரை முதலில் வைக்கட்டும். கம்பிகளும் பொறிகளும் பின்னர் வரலாம். அம்முதியவரை அதன்பின் நான் காணவில்லை. என்றேனும் என் முகப்புக்கு வந்தால், அத்தாளைக் காட்டி, “இங்கேதான், ஐயா” என்று சொல்லக் காத்திருக்கிறேன்.